வேன் பள்ளத்தில் விழ வேண்டாம்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ‘கிராஷ்’ படத்தைப் பார்த்து அழுதுவிட்டாராம். பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தால், ஆஸ்கார் வாங்கிய படங்களிலேயே மோசமானது இதுதான் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். “நான் அழுதது பிழையா?” என்று கேட்கிறார். கூடவே தான் எடுக்க நினைக்கும் படத்தின் சுருக்கத்தையும் அனுப்பியிருக்கிறார். ஒரு தேயிலைத் தோட்டம், மூன்று கதைகள். கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் தீபாவளிக்கு ஊர் வருகிற ஒரு பையன், இந்தியாவுக்குப் போன அண்ணனின் கடிதத்துக்காகக் காத்திருக்கிற ஒரு தாத்தா. கடைசியில் மூவரும் தற்செயலாக ஒரே வேனில் ஏற, கினிகத்தேனை வளைவில் வேன் பள்ளத்தில் விழுகிறது. “இப்படிப் பல கதை பின்னுகிற படம் என்றாலே விமர்சகர்கள் ஏன் அடிக்கிறார்கள்? எடுக்கலாமா, விடலாமா?”

தம்பி, அழுதது பிழையில்லை. எந்த இடத்தில் அழுதீர்கள் என்று சொல்லுங்கள். பூட்டுத் திருத்துகிறவரின் சின்ன மகள் ஓடிவந்து அப்பா மேல் பாய்கிற இடம் என்றால், நானும் அங்கேதான். எரியப்போகும் காரிலிருந்து பொலிஸ்காரர் அந்தப் பெண்ணை இழுத்தெடுக்கிற இடம் என்றால், கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன். (1996இல் டேவிட் குரோனன்பர்க் எடுத்த ‘கிராஷ்’ முற்றிலும் வேறு படம். பெயரை மட்டும் பார்த்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.) இதை எடுத்தவர் பால் ஹாகிஸ். கனடாக்காரர், வருடக்கணக்காகத் தொலைக்காட்சிக்கு எழுதியவர். 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸில் துப்பாக்கியைக் காட்டி அவருடைய காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். பறித்த பையன்கள் யார், அவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்ற யோசனை அவரை விடவில்லை. அதிலிருந்து வந்த கதை இது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், ஏறத்தாழ இரண்டு நாள், பத்துப் பன்னிரண்டு பேர். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழி வந்தவர், ஈரானியர், கொரியர். ஒருவருடைய காரோ துப்பாக்கியோ வெறுப்போ அடுத்தவர் வாழ்க்கையில் போய் முட்டுகிறது. பெரிய ஸ்டுடியோ காசு இல்லை. மொத்தச் செலவு 65 லட்சம் டாலர் அளவில்தான். ஹாலிவுட் கணக்கில் அது தேத்தண்ணிக் காசு. படப்பிடிப்பு நடுவில் ஹாகிஸுக்கு மாரடைப்பும் வந்தது. கடைசியில் உலகம் முழுக்க 9 கோடி டாலருக்கு மேல் வசூல்.

2004 செப்டெம்பரில் டொரொன்டோ விழாவில் காட்டி, 2005 மே மாதம் தியேட்டருக்கு வந்தபோது பெரும்பாலான விமர்சனங்கள் நல்லபடியாகவே இருந்தன. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்து, அந்த வருடத்தின் சிறந்த படம் என்றார். நியூயோர்க்கர் இதழில் டேவிட் டென்பியும் தூக்கிப் பிடித்தார். மறுபக்கம் நியூயோர்க் டைம்ஸில் ஏ.ஓ. ஸ்காட், படத்துக்கு மனசு நிறைய இருக்கிறது, உயிர்தான் இல்லை என்கிற பொருளில் எழுதினார். எல்.ஏ. வீக்லியில் ஸ்காட் ஃபவுண்டாஸ் வருடத்தின் மோசமான படம் என்றே சொல்லிவிட, அதற்கு ஈபர்ட் 2006 ஜனவரியில் தனிக் கட்டுரை எழுதிப் பதில் சொன்னார். இதுவரைக்கும் சாதாரணச் சண்டை. ஒரு சின்னப் படத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல சண்டை.

2006 மார்ச் 5ஆம் திகதி ஜாக் நிக்கல்சன் உறையைப் பிரித்துச் சிறந்த படம் ‘கிராஷ்’ என்று வாசித்ததோடு கதையே மாறியது. வாசித்தவருக்கே வியப்பு, முகத்தில் தெரிந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது ‘புரோக்பேக் மவுண்டன்’. அதன் மூலக் கதையை எழுதிய அன்னி ப்ரூ அந்த மாதமே கார்டியனில் பொரிந்து தள்ளினார். 2009இல் அமெரிக்க எழுத்தாளர் டா-நஹிசி கோட்ஸ், பத்தாண்டின் மோசமான படம் என்றார். 2015இல் ஹாகிஸே, அந்த வருடத்தின் சிறந்த படம் தன்னுடையது என்று தான் நினைக்கவில்லை என ஒரு நேர்காணலில் சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் தேடிப் படித்ததில் பாதிக் கோபம் விருதுமேல் உள்ள கோபம். அதை வடிகட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சத்திலும் சத்து இருக்கிறது.

அந்த மிச்சத்தை எனக்குப் புரியவைத்தவர் எந்த விமர்சகரும் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு ஹட்டன் டவுனில் ஒரு சின்ன ஹோலில் வெள்ளைத் துணி கட்டி, இருபது இருபத்தைந்து பேருக்கு இந்தப் படத்தைப் போட்டோம். ஆங்கிலம் விளங்காதவர்களுக்காக நான் ஓரத்தில் நின்று இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மாணவன் ஒருவனோடு அவனுடைய அம்மாவும் வந்திருந்தார். கொழுந்து எடுக்கிறவர். வேலை முடிந்து, முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு நேரே வந்திருந்தார்.

படத்தில் மாட் டிலன் ஒரு பொலிஸ்காரர். ஓர் இரவு ஒரு கறுப்பினத் தம்பதியின் காரை நிறுத்துகிறார். சோதனை என்ற பெயரில், கணவன் பார்த்துக்கொண்டிருக்கவே மனைவியின் உடம்பில் கை வைக்கிறார். கணவன் வாய் திறக்க முடியாமல் நிற்கிறான். மறுநாள் அதே பெண்ணின் கார் விபத்தில் கவிழ்ந்து பெற்றோல் ஒழுகுகிறது. காப்பாற்ற ஓடிவருகிறவர் அதே பொலிஸ்காரர். “நீ வேண்டாம், வேறு யாராவது வரட்டும்” என்று அந்தப் பெண் கத்துகிறாள். அவர் பேசிப் பேசிச் சமாதானப்படுத்தி, பட்டியை அறுத்து, தீப்பிடிக்கும் கணத்தில் வெளியே இழுக்கிறார். இசை உயர்கிறது. ஹோலில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

படம் முடிந்து பிளேன்டீ கொடுக்கும்போது அந்த அக்கா கேட்டார்: “ஏன் சேர், அந்தப் பொலிஸ்காரனுக்கு மறுநாளும் அதே ரோட்டுலதான் டியூட்டியா?” எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “தொட்டவனே வந்து தூக்குனா சரியாப் போச்சா?”

ஏ.ஓ. ஸ்காட்டும் கோட்ஸும் பக்கக்கணக்கில் எழுதியதன் சாரம் அந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது. முதல் கேள்வி தற்செயலைப் பற்றியது. இவ்வளவு பெரிய நகரத்தில் அதே ஆள் எப்படி வந்தான்? எழுதினவர் கூப்பிட்டார், வந்தான். இரண்டாவது கேள்வி அந்தத் தற்செயல் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பற்றியது. முதல் நாள் நடந்த அநியாயத்தை மறுநாள் சாகசம் கழுவிவிடுகிறது. கோபத்தோடு உட்கார்ந்திருந்த பார்வையாளன் கண்ணீரோடு மன்னித்துவிட்டு எழும்புகிறான். மன்னிக்க வேண்டியவள் அவள். நம்மை யார் மன்னிக்கச் சொன்னது?

இப்போது பூட்டுத் திருத்துகிறவரின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரானியக் கடைக்காரர் ஒருவர் பயத்தில் துப்பாக்கி வாங்குகிறார். கடையில் வாய்த்தர்க்கம் முற்றி அவர் வெளியே போக, துப்பாக்கி ரவை வாங்குவது மகள். அலமாரியிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியைக் கேட்கிறாள். அது என்னவென்று தெரியுமா என்று கடைக்காரன் கேட்கிறான். அவள் பதில் சொல்வதில்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வருகிற இந்தக் காட்சியை நாம் மறந்துவிடுகிறோம். பிறகு கடை உடைக்கப்படுகிறது. பூட்டுத் திருத்த வந்தவன்தான் காரணம் என்று எண்ணி, பெரியவர் துப்பாக்கியோடு அவன் வீட்டு வாசலுக்குப் போகிறார். அவனுடைய சின்ன மகளுக்கு, குண்டு துளைக்காத கண்ணுக்குத் தெரியாத போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டதாக அப்பா முன்பே கதை சொல்லியிருக்கிறார். போர்வை தன்னிடம்தானே இருக்கிறது என்று பிள்ளை ஓடிவந்து அப்பாமேல் பாய்கிறது. வெடிச் சத்தம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சிவப்புப் பெட்டியில் இருந்தவை சத்தம் மட்டும் போடுகிற வெற்று ரவைகள்.

இதுவும் தற்செயல் மாதிரித்தான் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு மகளின் கை இருக்கிறது. தகப்பனின் கோபத்தை அறிந்த மகள் எடுத்த முடிவு, நகரத்தின் மறுபக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறது. பொலிஸ்காரர் கதையில் அந்தக் கை எழுத்தாளருடையது. ஒரே படத்துக்குள் இரண்டும் இருக்கின்றன. அதனால்தான் ஈபர்ட்டும் சரி, ஸ்காட்டும் சரி. என் தராசு ஸ்காட் பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்.

இந்த வகைப் படங்களுக்கு 2005இல் அலிசா குவார்ட் என்ற விமர்சகர் ‘ஹைப்பர்லிங்க் சினிமா’ என்று பெயர் வைத்தார். ஈபர்ட் அதைப் பரப்பினார். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் ‘வலைப்பின்னல் கதை’ என்கிற பொருளில் வேறு பெயர் சொன்னார். வடிவம் பழையதுதான். ரொபர்ட் ஆல்ட்மன் 1993இலேயே ‘ஷார்ட் கட்ஸ்’ எடுத்து வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிவிட்டார். விமர்சகர்களுக்கு இந்த வடிவத்தின்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை என்பதற்கு 2000இல் வந்த மெக்சிகோ படம் ‘அமோரெஸ் பெரோஸ்’ போதும். அதிலும் கார் மோதல்தான் மூன்று கதைகளையும் இணைக்கிறது. கானில் விமர்சகர் வாரத்தின் பெரும் பரிசே அதற்குத்தான் கிடைத்தது. வித்தியாசம் எங்கே? அங்கே மோதல் படத்தின் வாசலிலேயே நடந்துவிடுகிறது. அது யாரையும் காப்பாற்றுவதில்லை. எல்லோர் வாழ்க்கையையும் குழப்பிவிட்டு விலகுகிறது. பிறகு வருகிற இரண்டரை மணி நேரமும் அந்தக் குழப்பத்தின் கணக்குத்தான். சிக்கலைத் தொடங்கிவைக்கிற தற்செயலைப் பார்வையாளன் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறான். சிக்கலை அவிழ்க்க வருகிற தற்செயலைப் பார்த்தால்தான் ‘டியூட்டி எங்கே’ என்று கேட்கிறான்.

உங்கள் வேன் கடைசியில் வருகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ‘கிராஷ்’ தொடங்கும்போது ஒரு துப்பறிவாளர் சொல்வார்: இந்த நகரத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை, எல்லோரும் கண்ணாடிக்கும் இரும்புக்கும் பின்னால் இருக்கிறோம், அதனால்தான் ஒருவரை ஒருவர் மோதிக்கொள்கிறோம் என்று. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அது பொருந்தலாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்! பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. பழைய லயங்களில் சுவர் கூரைவரை போவதும் இல்லை. மூன்றாம் காம்பராவில் இருமினால் ஐந்தாம் காம்பராவில் கொத்தமல்லித் தண்ணி கொதிக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒரே இடம், தண்ணிக்கு ஒரே பீலி, பிள்ளைக்காம்பரா ஒன்று, கடைக்கொப்பி ஒன்று. அங்கே ஆட்கள் ஒருவரோடு ஒருவர் ஏற்கெனவே பின்னித்தான் கிடக்கிறார்கள். நகரத்து எழுத்தாளனுக்கு மனிதர்களைச் சந்திக்கவைக்க விபத்து வேண்டும். உங்களுக்கு எதற்கு?

மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற பத்து நிமிஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தராசுக் கொக்கியில் சாக்கு ஏறுகிறது. முள் ஆடி நிற்பதற்குள் எடை வாசிக்கப்பட்டுவிடும். மழை நாள் என்றால் தண்ணிக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று வெட்டு. இப்போது சில மலைகளில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது, வெட்டு அப்படியேதான். கேட்ட கிலோவுக்குக் கீழே போனால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் கேட்கிற கிலோவும் கூடவே ஏறியது உங்களுக்குத் தெரியும். உங்கள் சுருக்கத்தில் அந்த அம்மாவுக்கு இரண்டு கிலோவில் அரைப்பேர் விழுகிறது. நல்ல இடம். அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள்.

அந்த இரண்டு கிலோ எங்கெல்லாம் போகும் என்று பாருங்கள். அரைப்பேர் விழுந்தால் சம்பளத்தில் துண்டு விழும். துண்டு விழுந்தால் லயத்துச் சீட்டுக்குக் காசு கட்ட முடியாது. அந்த மாதச் சீட்டை நம்பித்தான் கொழும்பிலிருந்து வந்த பையன் பாஸ்போர்ட் எடுக்கக் காத்திருக்கிறான். சீட்டுப் பிடிக்கிறவர் உங்கள் தாத்தாவாகவே இருக்கட்டும். மூன்று கதையும் கட்டிவிட்டது. வேன் தேவையில்லை, மழை தேவையில்லை, இசையும் அதிகம் தேவையில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. கடைசிப் பகுதியில் கணக்கப்பிள்ளை மனம் திருந்தி, அந்த அம்மாவுக்கு ஒரு கிலோ கூட்டிப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அந்தப் பொலிஸ்காரர் காரைத் திறக்கிற காட்சியேதான் தம்பி. ‘கிராஷ்’ மேல் வந்த குற்றச்சாட்டுகளில் எனக்கு ஆகக் கனமாகப் பட்டது இதுதான்: இனவெறியை அது ஆட்களின் கெட்ட குணமாகக் காட்டுகிறது, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நல்லவர்கள் என்று சமன் செய்துவிடுகிறது, சட்டமும் வேலையும் வீடும் யார் கையில் இருக்கின்றன என்று கேட்பதில்லை. கிலோ வெட்டு கணக்கப்பிள்ளையின் மனசிலிருந்து வருவதில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இத்தனை கிலோ வர வேண்டும் என்று மேலே யாரோ போட்ட கணக்கிலிருந்து வருகிறது. அவர் திருந்தினாலும் அடுத்த மாதம் வெட்டு இருக்கும். திருந்தாத நல்லவராக அவரைக் காட்ட முடியுமா என்று பாருங்கள். எழுதக் கஷ்டம்தான்.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘இர மெதியம’ (2003) கிடைத்தால் பாருங்கள். அதிலும் மூன்று கதைகள் ஒரே காலத்தில் நடக்கின்றன. காணாமற்போன விமானி கணவனைத் தேடுகிற பெண். விடுமுறையில் அனுராதபுரம் வந்து விபசார விடுதியில் தன் தங்கையையே காண்கிற சிப்பாய். புலிகள் வெளியேறச் சொன்னதால் நாயை விட்டுப்போக மனமில்லாமல் தவிக்கிற முஸ்லிம் சிறுவன். சிப்பாயின் கதையில் பெரிய தற்செயல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எதையும் தீர்த்துவைப்பதில்லை, காயத்தைத்தான் திறக்கிறது. மூன்றையும் கட்டுவது போர். ஒருவர் வந்து மற்றவரைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே அங்கு இல்லை.

விமர்சனம் என்பது பார்க்கிறவன் நிற்கிற இடத்தையும் பொறுத்தது என்பதற்கு அதே இயக்குநரின் இன்னொரு படம் சாட்சி. ‘ஒப நத்துவா ஒப எக்கா’ (2012): மலைநாட்டு டவுன் ஒன்றில் அடகுக்கடை வைத்திருக்கும் முன்னாள் சிப்பாய், வடக்கிலிருந்து வந்த செல்வி என்ற பெண். செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு அந்த வருடம் கோவா விழாவில் சிறந்த நடிகை விருது. 2014 ஜூனில் சென்னையில் திரையிட்டபோது எதிர்ப்பு மிரட்டல் வந்து காட்சிகளை நிறுத்தினார்கள். சிங்கள இயக்குநர் என்பதே பலருக்குப் போதுமான விமர்சனமாக இருந்தது. எனக்கு வேறு ஒரு சின்ன ஆதங்கம்: நம்ம மலை, நம்ம மூடுபனி, ஆனால் கதை வேறு யாருடையதோ. மலை பின்னணியாகத்தான் நின்றது. அதற்காகப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது அவர் வேலை இல்லை, உங்களுடையது.

பல கதைப் படத்துக்கு உள்ள இன்னொரு கண்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது இருபது முப்பது நிமிஷம். அதற்குள் ஒரு ஆள் ஆளாக வளராமல், தன் கூட்டத்தின் மாதிரியாக நின்றுவிடுவார். ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படம் தன் தற்செயல்களைப் பார்த்துத் தானே சிரிக்கும், அதனால் தப்பித்தது. ஆனால் அவர் நடித்த ஷில்பா என்ற திருநங்கை, பிள்ளை கடத்தலுக்கு உடந்தையாக இருந்ததாக வருகிற இடத்தைத் திருநங்கையர் சிலர் கண்டித்தார்கள். நியாயமான கோபம். நமக்குக் கூடை மாட்டிய பெண் ஏற்கெனவே விளம்பரப் படங்களில் மாதிரியாகத்தான் நிற்கிறாள். உங்கள் அம்மாவுக்குக் கொழுந்தைத் தவிர ஒரு பிடிவாதம், ஒரு பொய், ஒரு பகை கொடுங்கள்.

தாத்தாவின் கதைதான் மூன்றிலும் எனக்குப் பிடித்தது. மலையகத் தமிழரில் யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று முடிவுசெய்த 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. எந்தத் திரைக்கதைக்காரனும் எழுதத் துணியாத முடிச்சு, கையெழுத்துப் போட்டுச் செய்தார்கள். அதனால் அந்தக் கடிதம் கடைசிக் காட்சியில் டக்கென்று வந்து சேர வேண்டாம். அவர் சீட்டுக் குலுக்குகிற பால் டின்னே அண்ணன் விட்டுப்போனதாக இருக்கலாம். யாரும் அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.

சீட்டுக் காட்சியை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள். அப்புறம் ஒன்று: தாத்தா அண்ணனைத் தலைமன்னாருக்கு அனுப்பிவைத்ததைச் சொல்கிற இடத்தில் ‘ரயில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயது ஆள் ரயில் என்று சொல்ல மாட்டார். கோச்சி என்பார்.